தண்ணீரின் நிறம் மட்டும் சாட்சியாகாது
"ஆற்றின் நிறம் மாறியதைக் காட்டும் ஒரு படம் போதும், ஆலை தப்பவே முடியாது" என்கிறது ஆலைக் கழிவைப் படமெடுப்பது பற்றிய கட்டுரை ஒன்று. தாராளமாகத் தப்பும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்து மீனில் ஏறிய நச்சான மெத்தில் பாதரசம் தண்ணீருக்கு எந்த நிறத்தையும் தரவில்லை. 1971-இல் அங்கே போய்த் தங்கிய அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தின் படங்களில் நம்மை உலுக்குவது முறுக்கிக்கொண்ட கைவிரல்கள்தான். மலேசியாவின் பினாங்கில் ஓடும் நம் ஜூரு ஆற்றில் சிக்கல் வேறு. கடல் பெருகும்போது முகத்துவாரப் பக்கம் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பும், ஆலையின் கழிவுக் குழாய்க்கு மேலே எடுத்த படத்திலும் கழிவு தெரியும், அது மேலிருந்தே வருகிறது என்று வாதாட ஆலையின் வக்கீலுக்குக் கொண்டாட்டம். நீர் வடியும் நேரத்தில் குழாய்க்கு மேலே, குழாய் வாயில், கீழே என மூன்றையும் ஒரே எக்ஸ்போஷர் (ஒளி அளவு) அமைப்பில் எடுங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா பழுப்பை அதுவாகவே 'சரி' செய்துவிடும். நிறத்தை ஒப்பிட முதல் படத்தில் சாம்பல் நிற அட்டை இருக்கட்டும். நீரின் மேற்பரப்புப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் போட்டால் அடியில் உள்ள நிறம் தெளியும், ஆனால் எண்ணெய்ப் படலத்தின் வானவில் மங்கிவிடும், ஆகவே போட்டும் கழற்றியும் எடுக்க வேண்டும். அந்தப் படலத்தைக் குச்சியால் கலக்கி வீடியோவும் எடுங்கள்: சில்லுசில்லாக உடைந்தால் பெரும்பாலும் இயற்கையாக உண்டாகும் இரும்பு பாக்டீரியா, மறுபடி ஒன்றுகூடினால் எண்ணெய். ட்ரோனில் எடுக்கலாமே என்று யோசிப்பவருக்கு: ஜூரு பக்கத்து ஊரான பிறைக்கு (Perai) அருகிலேயே பட்டர்வொர்த் விமானப்படைத் தளம், அனுமதி இல்லாமல் கிளப்பினால் மாட்டப்போவது நீங்கள்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். மூலக்கோப்பை மெமரி கார்டோடு எடுத்து வையுங்கள்.