பிபிடியை மூடிவிட்டு ஃபங்ஷன் ஷீட்டை எடுங்கள்

கேட்டரிங் காலேஜில் 'ஆன்லைன் குரூப் ஒர்க்' எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒரு பிள்ளை ராத்திரி கண் விழித்து பிபிடி, அதாவது பவர்பாயின்ட் ஸ்லைடுகள், செய்யும். மற்ற ஐந்தும் கட்டைவிரல் போடும். கடைசி ஸ்லைடில் ஆறு பெயர், ஆறு பேருக்கும் ஒரே மார்க்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் சீனியர் ஆசிரியர்கள், "ஹோட்டல் தொழிலை ஆன்லைன்ல எல்லாம் சொல்லித் தர முடியாதுங்க" என்கிறார்கள். கிச்சனைப் பொறுத்தவரை அது சரிதான். 2020 மார்ச்சில் காலேஜை மூடியபோது வெண்ணெய், மாவு, பால் சேர்த்துக் காய்ச்சுகிற பெஷமெல் சாஸைக்கூட வீடியோ காலில் நடத்திப் பார்த்தோம். மாவின் பச்சை வாசனை போய்விட்டதா, கரண்டி முதுகில் ஒட்டுகிற பதம் வந்ததா, ஸ்கிரீனில் எப்படித் தெரியும்? லேபில் நின்று கை பழகினால்தான் உண்டு.

ஆனால் ஹோட்டலில் முக்கால்வாசிச் சிக்கல் அடுப்படியில் வருவதில்லை. ஒரு டிபார்ட்மெண்ட் இன்னொன்றுக்குச் சொல்லாமல் விட்டதில் வருகிறது. ஈவினிங் ஷிஃப்ட் லாக் புக்கில் எழுதி வைத்ததை நம்பித்தான் நைட் ஷிஃப்ட் ஓடுகிறது. விருந்து புக்கிங் பார்க்கிற பாங்க்வெட் சேல்ஸில் போடுகிற ஃபங்ஷன் ஷீட்டை, அதாவது அந்த விருந்துக்கு எந்த டிபார்ட்மெண்ட் என்ன செய்ய வேண்டும் என்கிற தாளை, வைத்துத்தான் கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங் எல்லாம் நகர்கின்றன. நேரில் பார்க்காத ஆளோடு, எழுத்தை மட்டும் நம்பிச் செய்கிற வேலை. இதை ஆன்லைனில் பழக்காமல் வேறு எதைப் பழக்குவது?

நான் இப்போது கூகுள் டாக்ஸில் ஃபங்ஷன் ஷீட்தான் கொடுக்கிறேன். 300 பேர் கல்யாண ரிசப்ஷன், பிள்ளைக்கு ஒரு டிபார்ட்மெண்ட். எல்லோரும் எழுதி முடித்து நிம்மதியாக இருக்கும்போது, பெண் வீட்டார் போன் செய்ததாக நடுவில் ஒரு வரி சேர்ப்பேன்: 40 பேருக்கு ஜெயின் சாப்பாடு. அப்புறம் பாருங்கள் கூத்தை. வெங்காயம், பூண்டு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். உருளைக்கிழங்கு, கேரட்டும் ஆகாது என்பது பலருக்குப் புதுச் செய்தி. கிச்சன் பிள்ளை மெனுவை மாற்றிவிட்டு, தனி கவுண்டர் வேண்டும் என்று சர்வீஸுக்குச் சொல்லாது. சொன்னாலும், அந்த கவுண்டருக்கு டேபிள் துணியும் ஃப்ரில்லும் வேண்டுமே என்று ஹவுஸ்கீப்பிங்குக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்பது டாக்ஸ் தானாகப் பதிந்து வைக்கிற வெர்ஷன் ஹிஸ்டரியில் அப்படியே கிடக்கும். "நான் சொன்னேன் மேம், அவன்தான் பார்க்கல" என்ற பேச்சுக்கே இடமில்லை.

டூரிசம் பிள்ளைகளிடமும் இதே கதைதான். டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ராவுக்கு ஐட்டினரி, அதாவது நாள்வாரிப் பயணத் திட்டம், கேட்டால் ஆளுக்கு ஒரு ஊராகப் பிரித்துக்கொள்வார்கள். தனித்தனியாகப் படித்தால் பிரமாதம். ஒட்டிப் படித்தால் திங்கட்கிழமை செங்கோட்டை, வெள்ளிக்கிழமை தாஜ்மஹால். இரண்டுமே அந்தந்தக் கிழமையில் மூடியிருக்கும். தேதி யார் பொறுப்பு என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளிநாட்டுக் கல்லூரியோடு சேர்ந்து ஆன்லைனில் படிக்கிற முறைக்கு நியூயார்க் அரசுப் பல்கலைக்கழகம் 2006-லேயே தனி மையம் தொடங்கிவிட்டது. நம் ஊரில் அதற்கான ஒப்பந்தக் கையெழுத்து போட்டோக்களுக்குக் குறைச்சலே இல்லை. போட்டோ வகுப்பாக மாறும்வரை பக்கத்து மாவட்டத்துக் காலேஜோடு ஒரு ஃபங்ஷன் ஷீட்டாவது போட்டுப் பார்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை.

ஒன்று நியாயம்: எல்லாப் பிள்ளைகளிடமும் லேப்டாப் கிடையாது. போனில் அட்டவணை டைப் அடிப்பது பெரிய பாடு. அவர்களுக்குக் காலேஜ் கம்ப்யூட்டர் லேபைச் சாயங்காலம் கூடுதலாக ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சாவி யாரிடம் இருப்பது என்பதில் பேச்சு நிற்கிறது.

மார்க் எப்படிப் போடுகிறேன் என்று கேட்கிறார்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கிச்சன் பகுதி எழுதிய பிள்ளையிடம் ஹவுஸ்கீப்பிங் பகுதியைக் கேட்பேன். "அது என் போர்ஷன் இல்ல மேம்" என்று பதில் வந்தால் பாதி மார்க் போச்சு.