முடி கடைசியில், எலும்பு முதலில்

குதிரை, நாய் படம் வரைய வருகிறவர்கள் பலர் முடியில்தான் தொடங்குகிறார்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த போட்டோவை கேன்வாஸில் அப்படியே பிரதி எடுத்து, மிக மெல்லிய பூஜ்ஜிய நம்பர் பிரஷ்ஷால் முடி முடியாக இழுக்கிறார்கள். உள்ளே எலும்பு நிற்காவிட்டால் எத்தனை ஆயிரம் முடி இழுத்தாலும் அது பஞ்சு பொம்மைதான்.

ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் பதினெட்டு மாதம் செத்த குதிரைகளைத் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று ஒவ்வோர் அடுக்காக உரித்து வரைந்தார். 1766இல் அது நூலாக வந்தது. லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ‘விசில்ஜாக்கெட்’ படத்தில் மரம், வானம் எதுவும் கிடையாது. குதிரை மட்டும், கிட்டத்தட்ட நிஜ அளவில். அந்த உழைப்பு இருந்ததால்தான் பின்னணியே வேண்டியிருக்கவில்லை.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது: முன்காலில் நாம் முழங்கால் என்பது உண்மையில் மணிக்கட்டு. பின்காலில் பின்னால் துருத்தும் மூட்டு குதிகால். குளம்பு ஒற்றை விரலின் நகம். இது தெரியாமல் வரைந்தால் கால் தப்பான பக்கம் மடங்கும். உயரத்துக்குத் தலை நீளத்தை அளவாக வையுங்கள். தரையிலிருந்து தோள் மேடு வரை சுமார் இரண்டரைத் தலை.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் முனீஸ்வரர் கோயில் சுவருக்குப் பாயும் வெள்ளைக் குதிரை கேட்பார்கள். முன்கால் இரண்டும் முன்னே, பின்கால் இரண்டும் பின்னே நீட்டிப் பறக்கும் குதிரை வேண்டாம். ஸ்டப்ஸ் காலத்தில் அப்படித்தான் வரைந்தார்கள், அவரும்கூட. செத்த குதிரை ஓடிக் காட்டாதே! 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ், ஓடும் குதிரையை எடுத்த வரிசைப் படங்கள்தான் விஷயத்தைத் தீர்த்தன. நாலு காலும் தரையை விடுவது உண்மை, ஆனால் அப்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். இன்னொன்று, வெள்ளைக் குதிரைக்கும் தோல் பெரும்பாலும் கறுப்பு. மூக்கு நுனியும் கண்ணோரமும் சாம்பலாகத் தெரிய வேண்டும். அடிவயிற்றில் தரையின் நிறம் லேசாக ஏறும்.

நாய்க்கு வருவோம். கைப்பேசியைக் கிட்டே வைத்து எடுத்தால் மூக்கு ஊதி, காது சுருங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி, நாயின் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கறுப்பு நாயை ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் கொண்டு நிரப்பாதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் அது மெதுவாகக் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் அம்பர் என்ற பழுப்பைப் பூசினால் மேல்தோல் வெடிக்கும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் கலந்தாலே ஆழமான கறுப்பு வரும். ஒளி படும் முதுகில் நீலத்தைக் கூட்டினால் மினுமினுப்பும் கிடைக்கும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் கேன்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்தால் பின்பக்கம் பூசணம் பிடிக்கும், காற்றுப் போக இடம் விடுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். அடுத்த வாரப் பிறந்தநாளுக்கு எண்ணெய் ஓவியம் கேட்பவரிடம் பென்சில் படம் தருகிறேன் என்று சொல்வதுதான் நேர்மை.