இரும்புச்சத்து மாத்திரையால் குறைப்பிரசவம் வருமா?

“இரும்புச்சத்து மாத்திரை சூடு; நாள் நிறையும் முன்பே வலி வந்துவிடும், பேரீச்சம்பழமும் பீட்ரூட்டுமே போதும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி நம் சிங்கப்பூர்க் குடும்பக் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. கர்ப்பகால இரத்தசோகை, அதிலும் கடுமையானது, 37 வாரங்களுக்கு முந்தைய பிரசவத்துடனும் குழந்தையின் எடைக்குறைவுடனும் தொடர்புடையது என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கூறிவருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தையும், 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் பரிந்துரைக்கிறது. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருக்கும் இரும்புச்சத்தோ ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். உண்பது நல்லது, மாத்திரைக்கு ஈடாகாது.

மலம் கறுத்துப் போவதைக் கண்டு பலர் அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். உடல் உறிஞ்சாமல் விட்ட இரும்புச்சத்தே பெரும்பாலும் அதற்குக் காரணம். மலச்சிக்கலும் குமட்டலும் வரக்கூடும், மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். காலைத் தே தாரிக் தேநீருடன் சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளி, ஆரஞ்சுச் சாற்றுடன் உட்கொள்ளலாம்.

தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணு உள்ளவர்களுக்கு, இரும்புச்சத்து குறையாமலேயே ஹீமோகுளோபின் குறைவாக இருக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையின்றித் தாமாகவே அளவைக் கூட்ட வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) உங்கள் மகப்பேற்று மருத்துவரிடமோ கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் இணையத்தளத்திலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால், அருள்கூர்ந்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.