ஆராதனை முறையை அப்புறம் மாற்றலாம்

புதுப் போதகர்கள் முதல் ஆண்டிலேயே ஆராதனை முறையையும் நேரத்தையும் மாற்றிவிட வேண்டும் என்கிறது ஒரு கட்டுரை. ஏற்காட்டில் அது எடுபடாது. டிசம்பர், ஜனவரியில் பெண்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கப் போவார்கள். பறித்ததை எடை போட்டு முடித்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குத் திரும்பி அடுப்புப் பற்றவைக்கவே இருட்டிவிடும். ஆறு மணி ஜெபக்கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நேரத்தை அந்தப் பெண்களிடமே கேட்டு வையுங்கள், ஐயா. வீடு சந்திப்புக்குத் தனியாகப் போகாமல் உபதேசியாரையோ (போதகருக்கு உதவும் சபை ஊழியர்) ஒரு சபை மூப்பரையோ அழைத்துப் போவது நல்லது. காணிக்கையை நீங்கள் எண்ணவே வேண்டாம். இரண்டு பேர் எண்ணி, அங்கேயே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சபைக் கமிட்டிச் சண்டையில் பாதி அடங்கிவிடும். சேலம், 1827-லேயே லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் வந்த ஊர். ஆலயத்தில் தாத்தா காலத்துப் பெஞ்சை விட்டுக்கொடுக்காத குடும்பங்கள் உண்டு. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்!