பங்கு கொடுப்பது சரி, அதை எப்படி எழுதிவைப்பது?
மதத்தாலோ மொழியாலோ பிளவுபட்ட நாட்டில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஆட்சியில் நிலையான பங்கும் வீட்டோவும் (முடிவைத் தடுக்கும் அதிகாரம்) கொடுத்துவிட்டால் நாடு அமைதியாகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. லெபனானில் 1932 கணக்கெடுப்பை வைத்து நாடாளுமன்ற இடங்களைக் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 6:5 என்று பிரித்தார்கள். மக்கள்தொகை மாறியது, விகிதம் மாறவில்லை. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் எவ்வளவோ உயிர்களைக் குடித்த பிறகு, அதை முடிக்கச் செய்துகொண்ட 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் அந்த விகிதம் சரிபாதியானது. பிரிட்டனோடு நீடிக்க விரும்புவோர், அயர்லாந்தோடு இணைய விரும்புவோர் என்று இரு தரப்பாகப் பிரிந்திருக்கும் வட அயர்லாந்தில் அமைச்சர் பதவிகளை எந்தச் சமூகத்தின் பெயரிலும் எழுதிவைக்கவில்லை: ஒரு கட்சி வென்ற இடங்களை, அது ஏற்கெனவே பெற்ற துறைகளோடு ஒன்றைக் கூட்டி வகுக்கிறார்கள், யாருக்கு ஈவு அதிகமோ அந்தக் கட்சி அடுத்த துறையை எடுத்துக்கொள்ளும். தேர்தல் முடிவு மாறினால் பங்கும் தானாக மாறும் (நீதித்துறை மட்டும் விலக்கு, அதற்கு இரு தரப்பின் ஆதரவும் வேண்டும்). அங்கே ஓட்டை வேறு இடத்தில்: முதல் அமைச்சர், துணை முதல் அமைச்சர் இருவரில் ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் ஆட்சி முடங்கியது அப்படித்தான். வீட்டோ வேண்டுமென்றால் பெல்ஜியம் செய்திருப்பதைப் பாருங்கள்: நாடாளுமன்றத்தில் டச்சு, பிரெஞ்சு என்று இரு மொழிக்குழுக்கள்; அவற்றில் ஒன்றின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால் மசோதா நிற்கும், ஆனால் 30 நாள்தான்; அதற்குள் இரு மொழியினரும் சம எண்ணிக்கையில் இருக்கும் அமைச்சரவை கருத்துச் சொல்லியாக வேண்டும்.