லெம்கோ அணியைச் சொல்லாமல் எப்படி விட்டீர்கள்?

ஜெர்மன் ஹேண்ட்பால் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) கோப்பையின் வரலாற்றைச் சொல்லும் இந்தக் கட்டுரையில் கீல் அணியின் வெற்றிகளைத்தான் அதிகம் பேசியிருக்கிறீர்கள். சரி, அதிக முறை வென்றவர்கள் அவர்கள்தான். ஆனால் 1975-இல் முதல் கோப்பையைத் தூக்கிய டாங்கர்சன் அணிக்கு ஒரே வரிதானா?

லெம்கோவை விட்டதுதான் பெரிய வருத்தம். கொரோனாவால் தள்ளிப்போன 2020 கோப்பையின் அரையிறுதி, 2021 ஜூனில் ஹாம்பர்க்கில் நடந்தது. இடைவேளையின்போது கீல் 18, லெம்கோ 11. ஏழு கோல் பின்தங்கினால் யாராக இருந்தாலும் டிவியை அணைத்துவிடுவார்கள். நான் அணைக்கவில்லை. முடிவில் 29-28 என லெம்கோ ஜெயித்தது! மறுநாள் இறுதிப்போட்டியில் மெல்சுங்கன் அணியையும் வீழ்த்திக் கோப்பையைத் தட்டிச் சென்றது. லீக் என்றால் ஒரு தோல்வியைப் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம், இங்கே தோற்றால் அத்தோடு சரி. அதனால்தான் இந்தப் போட்டி எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்று 2023-இல் கொலோனுக்கு மாறியதைச் சொன்னீர்கள். அங்கே நடந்த முதல் இறுதிப்போட்டியே ஏழு மீட்டர் எறிதல் (கால்பந்தின் பெனால்டி ஷூட்அவுட் மாதிரி) வரை போய்த்தான் முடிந்தது. மக்டபுர்க் அணியை ரைன்-நெக்கார் லோவன் அணி 36-34 என வென்றது. அதையும் சேர்த்துவிடுங்கள்.