சந்தேகம் வந்தால் ஜெபம் கேட்கப்படாதா?

மகனுக்கு வேலூர் சிஎம்சியில் சிகிச்சை நடக்கிறது, ஜெபிக்கவே மனம் வரவில்லை என்று எழுதிய சகோதரிக்கு, இங்கே மேலே ஒரு சகோதரர், சந்தேகப்படாமல் கேட்கச் சொல்லும் பைபிள் வசனமான யாக்கோபு 1:6-ஐக் காட்டி, “சந்தேகப்பட்டால் ஆண்டவர் கேட்க மாட்டார், அதனால்தான் பிள்ளை குணமாகவில்லை” என்று பதில் சொல்லியிருக்கிறார். இது தவறு.

சகோதரரே, ஒரு வசனம் முன்னால் போய் 1:5-ஐயும் படியுங்கள். அங்கே பேச்சு ஞானத்தைக் கேட்பதைப் பற்றியது. கொடுக்கிற தேவன் “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்” என்றும் இருக்கிறது. பிள்ளை குணமாகாததற்குத் தாய்தான் காரணம் என்று அந்தப் பகுதியில் எங்கேயும் இல்லை.

மாற்கு 9-ல் வருகிறவரும் நோயுற்ற மகனோடு வந்த தகப்பன்தான். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்துகிறார். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். இயேசுவின் வருகையை முன்னறிவித்த யோவான் ஸ்நானன்கூட, சிறையிலிருந்தபோது சந்தேகம் வந்து, “வருகிறவர் (மேசியா) நீர்தானா?” என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அதற்குப் பிறகுதான் இயேசு அவரை அவ்வளவு உயர்த்திப் பேசுகிறார். 88-ஆம் சங்கீதமோ ஆறுதல் இல்லாமலே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

அக்கா, உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். வார்த்தை வராவிட்டால் அந்தத் தகப்பனுடைய வரியையே சொல்லுங்கள், போதும். மருத்துவமனையில் சாப்ளின்கள் (நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் போதகர்கள்) இருக்கிறார்கள், வார்டு நர்ஸிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.